ஆகுபெயராகிய மனிதர்

ஆகுபெயர்ப் பாடம் நடந்துகொண்டிருந்த ஒரு நாள், கருத்தாவாகுபெயருக்கு உதாரணங் கேட்டேன். திருவள்ளுவர் படித்தேன் என்பது வாழையடி வாழையாக வரும் உதாரணம். வள்ளுவரின் பெயர் அவர் செய்த நூலுக்கு ஆகிவந்தது என்று எல்லாருஞ் சொன்னார்கள். பின்வாங்கில் இருந்த மாணவர் ஒருவர் மாத்திரம் எழுந்து, லொறிக்கு டீசல் அடித்தான் என்பதையும் கருத்தாவாகுபெயராகக் கொள்ளலாமா என்று வினவினார். வகுப்புச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, வினா நேர்மையானது.

டீசல் என்பது முதலில் ஒரு மனிதரின் பெயர். அது அவர் அமைத்த இயந்திரத்துக்கு ஆயிற்று. பின்னர் அவ்வியந்திரத்தில் எரியும் எண்ணெய்க்கும் ஆயிற்று. கருமையின் பெயர் மேகத்துக்காகி, மேகத்தின் பெயர் மழைக்காலத்துக்கும் ஆகிக் கார் என்னுஞ் சொல் இருமடியாகுபெயராய் நிற்பது போல, டீசலும் இருமடியாகுபெயரே என்று விடை கூறினேன். மாணவர் அமையவில்லை. லொறியில் ஓடும் இயந்திரத்தை அவரா செய்தார், பிறர் செய்தனரென்றால் அவர் பெயர் நிற்பது முறையா என்று மேலும் கேட்டார். 2022 ஆம் ஆண்டில் எண்ணெய் நிலையங்களின் வாயிலில் நாட்கணக்காக வரிசையில் நின்றபோது ஒவ்வொரு வாயிலும் ஒலித்த பெயர் அது. அப்பெயருக்கு உரியவரை நானும் அறிந்திருக்கவில்லை. ஆகவே அவருடைய வாழ்வைத் தேடிப் படித்தேன். படித்ததை இங்கே முறையாக வைக்கின்றேன்.

ருடோல்ப் டீசல் 1858 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 18 ஆந் திகதி பாரிஸ் நகரிற் பிறந்தார். பெற்றோர் ஜெர்மனியின் பவேரியப் பகுதியிலிருந்து வந்து குடியேறியவர்கள். தந்தையார் தியோடர் புத்தகங் கட்டுந் தொழிலைக் கற்றவர்; தோற்பொருள்கள் செய்து விற்றுக் குடும்பத்தை நடத்தினார். 1870 இற் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. ஜெர்மன் குடியினர் பாரிஸை விட்டு வெளியேற நேர்ந்தது. டீசல் குடும்பமும் இருந்ததை விட்டு லண்டன் சேர்ந்தது. அங்கே பிழைப்பு அரிதாயிற்று. பன்னிரண்டு வயதுச் சிறுவனாகிய ருடோல்ப், ஔக்ஸ்பேர்க் நகரிற் கணிதம் போதித்த உறவினர் ஒருவரின் இல்லத்துக்கு அனுப்பப்பட்டார். இடம்பெயர்ந்த பிள்ளை படிப்பை எவ்வளவு இறுகப் பற்றிக்கொள்ளும் என்பதை நம்மூர் ஆசிரியர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. அவர் வகுப்பில் முதல்வரானார். 1875 இற் புலமைப்பரிசில் பெற்று மியூனிச் நகரத் தொழினுட்பக் கல்லூரியிற் சேர்ந்தார்.

அங்கே குளிரூட்டும் இயந்திரங்களால் உலகப் புகழ் பெற்ற கார்ல் வொன் லிண்டே அவருக்கு ஆசிரியராய் வாய்த்தார். ஒருநாள் விரிவுரையில், நீராவி இயந்திரம் தனக்கு ஊட்டப்படும் நிலக்கரியின் வெப்பத்திற் பத்தில் ஒரு பங்கையேனும் வேலையாக்குவது அரிது என்று லிண்டே விளக்கினார். ஏனையது புகைக்கூண்டின் வழியே வீணாகிறது. வெப்பத்தை எந்த அளவுக்கு வேலையாக்கலாம் என்பதற்குச் சாடி கார்னோ என்ற பிரெஞ்சு அறிஞர் 1824 இலேயே ஒரு கோட்பாடு வகுத்திருந்தார். வெப்பநிலை வேறுபாடு மிகுந்தாற் பயனும் மிகும் என்பது அதன் சாரம். கோட்பாட்டுக்கும் நடைமுறைக்கும் இடையே இவ்வளவு தூரமா என்ற வியப்பு மாணவரைப் பற்றியது. அதனை ஆராயவேண்டும் என்று தம் குறிப்பேட்டின் ஓரத்திற் குறித்துக்கொண்டார். அந்த ஓரக்குறிப்பே அவருடைய வாழ்நாட் பணியாயிற்று. தைபோயிட்டுக் காய்ச்சலாற் பரீட்சை தள்ளிப்போக, 1880 இல் மிக உயர்ந்த சித்தியோடு வெளியேறி, லிண்டேயின் பனிக்கட்டித் தொழிலகத்தைப் பாரிஸில் நடத்தினார். 1883 இல் மார்த்தா என்பாரை மணந்தார். மூன்று மக்கள் பிறந்தனர்.

இனி, அவர் செய்ததன் அருமையை உணரவேண்டுமாயின், அதற்கு முன் இருந்த இயந்திரம் எங்ஙனம் மூச்சுவிட்டது என்பதை அறிதல் வேண்டும்.

நிக்கோலஸ் ஒட்டோ 1876 இல் அமைத்த நான்கடிப்பு இயந்திரமே இன்றைய கார்களின் முன்னோடி. அதன் உறுப்புக்களில் முதன்மையானவை ஓர் உருளையும் அதனுள் ஏறியிறங்கும் ஒரு முசலமும். முசலம் என்றால் உலக்கை. உரலுள் உலக்கைபோல் அது இயங்குகின்றமையின் விஞ்ஞான நூலார் அப்பெயரை இட்டனர். முதலடிப்பில் முசலம் கீழிறங்கக் காற்றும் எரிபொருளுங் கலந்த கலவை உள்ளே இழுக்கப்படும். இரண்டாவதில் முசலம் மேலேறிக் கலவையை நெருக்கும். மூன்றாவதிற் பொறி பாய்ந்து கலவை எரிய, முசலம் விசையோடு தள்ளப்படும். வேலை நிகழ்வது இங்கேதான். நான்காவதில் எரிந்த புகை வெளியேறும்.

கலவையைச் செய்வது காபுரேற்றரின் தொழில். காற்றுச் செல்லுங் குழாயில் ஓரிடங் கழுத்துப்போல ஒடுங்கியிருக்கும். ஒடுங்கிய இடத்திற் காற்றின் வேகங் கூடும், அமுக்கங் குறையும். அமுக்கங் குறையவே அருகிலுள்ள கிண்ணத்திலிருந்து பெற்றோல் நுண்டுளை வழியாக எழுந்து தூவலாய்க் காற்றோடு கலக்கும். கிண்ணத்தில் உள்ள மிதவை பெற்றோலின் மட்டத்தைக் காத்துநிற்கும். இத்தகைய தூவற் காபுரேற்றரை வில்ஹெம் மைபாக் 1893 அளவில் அமைத்தார். யாழ்ப்பாணத்தில் 1990 இன் பின் பெற்றோல் எட்டாப் பொருளான காலத்திற் சில துளி பெற்றோலைக் காபுரேற்றரில் விட்டு இயந்திரத்தை உயிர்ப்பித்து, அப்பால் மண்ணெண்ணெயில் ஓட்டியோருக்கு இக்கருவியின் குணம் நூல் வாயிலாகத் தெரியவேண்டியதில்லை. இன்றைய கார்களிற் காபுரேற்றர் பெரும்பாலும் மறைந்து, மின்னணுக் கருவியின் கட்டளைப்படி பெற்றோலைச் சீறும் இன்ஜெக்டர் அதன் இடத்தில் அமர்ந்துவிட்டது. ஆயினுங் கணக்கு மாறவில்லை. நிறையளவில் ஒரு பங்கு பெற்றோல் எரிய ஏறத்தாழ 15 பங்கு காற்று வேண்டும். ஒரு லீற்றர் பெற்றோலுக்கு ஏறக்குறைய 9,000 லீற்றர் காற்று. வண்டி எண்ணெய் குடிக்கிறது என்று நாம் முறையிடுகிறோம். அது பெரிதும் உண்பது காற்றையே.

இவ்வியந்திரத்துக்கு ஓர் எல்லை உண்டு. கலவையை எவ்வளவு இறுக நெருக்குகிறோமோ அவ்வளவு பயன் மிகும் என்பது கோட்பாடு. ஆனால் நெருக்க நெருக்கக் கலவை சூடேறிப் பொறி பாயுமுன்னரே தானாகப் பற்றிக்கொள்ளும். முசலம் மேலேறும்போதே வெடிப்பு நிகழ்ந்தால் இயந்திரம் தன்னைத் தானே அடித்துக்கொள்ளும். எனவே ஒட்டோவின் வழிவந்தோர் அளவாக நெருக்கி, அளவான பயனோடு அமைந்தனர்.

டீசலின் சிந்தனை இவ்விடத்திற் பிறந்தது. கலவை முந்திப் பற்றுவது தீங்கென்றால், முன்னதாக ஏன் கலக்கவேண்டும்? காற்றை மாத்திரம் உள்ளே இழுத்தால் என்ன? காற்றிற் பற்றுதற்கு ஒன்றுமில்லையாதலின் வேண்டியமட்டும் நெருக்கலாம். துவிச்சக்கர வண்டிக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடி சுடுவதை யாவரும் அறிவர். அதே காற்றை 30, 40 வளிமண்டல அமுக்கம்வரை சட்டென நெருக்கினால் வெப்பநிலை 500 பாகை செல்சியசையுங் கடக்கும். நெருக்கல் முடியுந் தறுவாயில் எண்ணெயைச் சிறிது சிறிதாக உள்ளே விட்டாற் பொறியும் வேண்டாம், திரியும் வேண்டாம். காற்றின் சூடே எண்ணெயைப் பற்றவைக்கும். காற்று முன்னே, எண்ணெய் பின்னே. வரிசையை மாற்றியதுதான் செய்தி. ஆனால் அந்த மாற்றத்திற் பெரியதோர் இயந்திரநூல் அடங்கியிருந்தது.

1892 பெப்ரவரியிற் பேர்லினிலிருந்து காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். மறுவருடம் அது கிடைத்தது. 1893 இலேயே தம் கோட்பாட்டை நூலாகவும் வெளியிட்டார். ஔக்ஸ்பேர்க் இயந்திரத் தொழிலகமும் பெரும் உருக்கு நிறுவனமாகிய குருப்பும் பொருளுதவ முன்வந்தன. போரினால் அகதியாய் வந்து படித்த அதே ஊருக்கு அவர் தம் கனவோடு திரும்பினார்.

1893 ஆகத்து 10 ஆந் திகதி முதற் சோதனை. தொழிலகத்தின் வார்ப்பட்டியாற் சுழற்றப்பட்ட இயந்திரத்துள் எண்ணெய் விடப்பட்டது. பற்றியது, அமுக்கம் ஏறத்தாழ 80 வளிமண்டலத்துக்கு எழ, அளவுக் கருவி வெடித்துச் சிதறியது. அருகில் நின்றோர் தப்பியது நற்பேறு. டீசலுக்கோ அது தோல்வியன்று. நெருக்கிய காற்று எண்ணெயைப் பற்றவைக்கும் என்பது மெய்யாயிற்று. 1894 பெப்ரவரி 17 ஆந் திகதி, இதுவரை வார்ப்பட்டியால் இழுக்கப்பட்ட இயந்திரம் தானே அதனை இழுக்கத் தொடங்கியது. 88 சுற்று, ஏறத்தாழ ஒரு நிமிடம். அதனை முதலிற் கண்ட தலைமைத் தொழிலாளி ஒன்றும் பேசாது தொப்பியைக் கழற்றினார் என்று கூறுவர். சரியாக மூன்றாண்டு கழித்து, 1897 பெப்ரவரி 17 இல், மியூனிச் பேராசிரியர் மோரிட்ஸ் சுரோட்டர் முறைப்படி அளந்தபோது, ஏறத்தாழ 20 பரிவலு தரும் அவ்வியந்திரம் எரிபொருள் வெப்பத்தில் 26 வீதத்தை வேலையாக்கியது. அக்காலத்து எந்த இயந்திரமும் அதற்கு நிகரில்லை.

முதற் சோதனைக்கும் இவ்வெற்றிக்கும் இடையே கழிந்த ஆண்டுகளை விழுங்கிய சிக்கல் ஒன்றே: எண்ணெயை உள்ளே விடுவது எங்ஙனம்? நெருக்கிய காற்று உள்ளிருந்து தள்ளும். அத்தள்ளலை மீறி, உரிய கணத்தில், உரிய அளவாக, பனித்தூவல்போல நுண்ணிதாக எண்ணெய் நுழையவேண்டும். தாரையாக விழுந்தாற் பாதி எரியாது கரியாகும். பம்பினால் நேரே தள்ளிப் பார்த்தார். அக்காலத்துக் கைவினைக்கு அது இயலவில்லை. ஈற்றில், உருளைக் காற்றினும் மிகுந்த அமுக்கமுள்ள வேறொரு காற்றைச் சேமித்து, அக்காற்றினாலேயே எண்ணெயை ஊதிச் செலுத்தினார். வழி பிறந்தது. ஆனால் அதற்கெனத் தனியாக ஒரு காற்று நெருக்கி வேண்டியதாயிற்று. அது கனமானது, விலையுயர்ந்தது, அடிக்கடி பழுதாவது. அவரை வெற்றிக்கு ஏற்றிய ஏணியே அவர் காலிற் பூட்டிய தளையுமாயிற்று.

புகழ் வந்தது. அமெரிக்க உரிமையை 1897 இல் அடொல்பஸ் புஷ் என்ற செல்வர் பத்து இலட்சம் மார்க் கொடுத்து வாங்கினார். ரஷ்யாவில் நோபெல் குடும்பத்தார் பெற்றனர். புகழோடு பழியும் வந்தது. காப்புரிமையில் எழுதியபடி வெப்பநிலை மாறாது எரிக்கும் இயந்திரம் ஒன்றை அவர் செய்யவேயில்லை என்று எதிரிகள் எடுத்துக்காட்டினர். அது உண்மை. தம் முதற் கணக்கிற் பிழை உண்டென்பதை அவர் 1893 இலேயே உணர்ந்து வழியை மாற்றிக்கொண்டார். ஆயினும் மாற்றத்தை உலகறியச் சொல்லத் தயங்கினார். இங்கிலாந்தில் ஹேர்பேர்ட் அக்ரொயிட் ஸ்டுவார்ட் என்பார் 1890 இலேயே எண்ணெயைப் பின்னர் செலுத்தும் இயந்திரத்துக்கு உரிமை பெற்றிருந்தார். அதிற் சூடாக்கிய குமிழே எண்ணெயைப் பற்றவைத்தது, நெருக்கலின் வெப்பம் அன்று. வழக்குகள் நீண்டன. விற்ற இயந்திரங்கள் சில பழுதாகித் திரும்பின. 1898 இன் முடிவில் உடலும் உள்ளமுந் தளர்ந்து மருத்துவ இல்லத்திற் படுத்தார். ஈட்டிய பொருளை நிலங்களிலும் பலிக்காத முயற்சிகளிலும் இட்டு இழந்தார். மியூனிச்சிற் கட்டிய மாளிகை மாத்திரம் வெளியுலகுக்குச் செல்வராய் அவரைக் காட்டிக்கொண்டிருந்தது.

1900 ஆம் ஆண்டுப் பாரிஸ் பெருங்காட்சியில் அவருடைய இயந்திரமொன்று நிலக்கடலை எண்ணெயில் ஓடியது. கூடியிருந்தோரிற் பலர் வேறுபாட்டை அறியவில்லை. பயிரிடும் நாடுகள் தம் எரிபொருளைத் தாமே விளைவிக்கும் நாள் வரக்கூடும் என்று அவர் பின்னாளில் எழுதினார். நிலத்தடி எண்ணெய்க்கே அவர் பெயர் நிலைத்துப்போன இன்று இதனை நினைக்க வியப்பாகிறது. தொழிலாளர் ஒன்றுகூடித் தொழிலகங்களைத் தாமே உடைமையாக்கும் வழியைப்பற்றி 1903 இல் ஒரு நூலும் எழுதினார். அதனைப் பொருட்படுத்தியோர் மிகச் சிலரே.

இயந்திரமோ நீரில் நடந்தது. 1903 இல் வொல்கா நதியில் வண்டால் என்ற எண்ணெய்க் கப்பல் அதனால் ஓடியது. 1912 இல் டென்மார்க்கின் செலாண்டியா பெருங்கடல் கடந்தது. தரையில் மாத்திரம் அது ஏறவில்லை. தன் எடையோடு காற்று நெருக்கியின் எடையையுஞ் சுமந்து ஒரு வண்டி எங்ஙனம் ஓடும்? 1908 அளவில் வண்டிக்கேற்ற சிறிய இயந்திரம் ஒன்றை அவர் முயன்று பார்த்தார். பயன்தரவில்லை. வண்டியில் தம் இயந்திரம் ஏறும் நாள் வரும் என்ற நம்பிக்கையை மாத்திரம் அவர் விடவில்லை.

1913 செப்டெம்பர் 29 ஆந் திகதி மாலை, லண்டனில் நடக்கவிருந்த கூட்டமொன்றுக்காக அன்ற்வேர்ப் துறைமுகத்தில் டிரெஸ்டன் என்ற கப்பலில் ஏறினார். நீராவியை வெல்ல முயன்றவரின் இறுதிப் பயணம் நீராவிக் கப்பலிலே அமைந்தது. நண்பர் இருவரோடு உணவருந்தி, காலை ஆறேகாலுக்கு எழுப்புமாறு சொல்லி, இரவு பத்து மணியளவில் அறைக்குச் சென்றார். காலையில் அறை வெறுமையாயிருந்தது. படுக்கை கலையவில்லை. தொப்பியும் மேலங்கியும் கப்பலின் பின்தளக் கம்பியருகே ஒழுங்காய் மடித்து வைக்கப்பட்டிருந்தன. சில நாட்களின் பின் ஒல்லாந்துக் கப்பலொன்று கடலில் ஓர் உடலைக் கண்டது. மாலுமிகள் அதன் உடைமைகளை மாத்திரம் எடுத்துக்கொண்டு உடலைக் கடலுக்கே விட்டனர். கண்ணாடிக் கூடு முதலிய அச்சிறு பொருள்கள் தந்தையாருடையவை என மகன் ஒய்கன் அடையாளங் கண்டார். கடன்கள் பெருகி, கணக்குகள் வெறுமையாய்க் கிடந்தமை பின்னர் வெளிப்பட்டது. தாமே முடிவைத் தேடினாரா, தவறி வீழ்ந்தாரா, பிறர் தள்ளினரா என்று நூறாண்டுக்கு மேலாக எழுதிவருகின்றனர். முதற் கருத்தே பலருக்கு உடன்பாடு. தீர்ப்புச் சொல்வது எனக்கு வேலையன்று. மனைவி மக்களுக்குக்கூடக் கடனை மறைத்து, மாளிகையின் சன்னல்களில் விளக்கேற்றி வாழ்ந்த ஒருவரின் தனிமையை மாத்திரம் எண்ணிப் பார்க்கின்றேன்.

அவர் விட்ட இடத்திற் பிறர் தொடர்ந்தனர். பென்ஸ் நிறுவனத்தில் இருந்த புரொஸ்பர் லொரான்ஜ் 1909 இல், உருளையின் தலையில் ஒரு சிற்றறை அமைத்து, அங்கே எண்ணெய் பற்றத் தொடங்கி அதன் வேகத்தாலேயே சிதறிப் பரவும் உபாயத்தைக் கண்டிருந்தார். காற்று நெருக்கி வேண்டாததாயிற்று. முதலாம் உலகப்போர் முடிந்தபின், 1923 இலும் 1924 இலும் பென்ஸ் நிறுவனமும் ஔக்ஸ்பேர்க் தொழிலகத்தின் வழிவந்த எம். ஏ. என். நிறுவனமும் டீசல் லொறிகளை உருவாக்கின. ரொபேர்ட் பொஷ் 1922 இல் எண்ணெய் செலுத்தும் பம்பை ஆராயத் தொடங்கி 1927 முதல் தொகையாகச் செய்து விற்றார். உள்ளங்கையில் ஏந்தத்தக்க அதன் உறுப்புக்கள் நூலிழையினும் நுண்ணிய இடைவெளியோடு கடையப்பட்டவை. டீசல் பம்பினால் நேரே தள்ளிப் பார்த்துக் கைவிட்டதை அப்பம்பு செய்துகாட்டியது. 1936 இற் காரும் டீசலில் ஓடியது. காற்றின் பக்கத்திலும் வளர்ச்சி நிகழ்ந்தது. வெளியேறும் புகையின் விசையாலேயே சுழன்று, உள்ளே செல்லுங் காற்றைத் திணிக்கும் ரேபோ என்ற கருவிக்குச் சுவிட்சர்லாந்தின் அல்பிரட் பூக்கி 1905 இலேயே உரிமை பெற்றார். இன்று பெரும்பாலான டீசல் வண்டிகளில் அது உண்டு. பஸ் மேட்டில் ஏறும்போது கரும்புகை கக்கினால், உள்ளே சென்ற எண்ணெய்க்கு ஏற்ற காற்றுக் கிடைக்கவில்லை என்பது பொருள். காற்று வடிகட்டி அழுக்கால் அடைபட்டாலும் அதுவே நேரும். ஆகையாற்றான் நல்ல சாரதிகள் எண்ணெயைப் பார்க்குமுன் காற்றின் வழியைப் பார்க்கின்றனர்.

மறுவாரம் வகுப்பில் அம்மாணவருக்கு விடை சொல்ல நேர்ந்தது. நம் இலக்கணம் வினைமுதலை ஏவுதற் கருத்தா, இயற்றுதற் கருத்தா என இரண்டாகப் பகுத்திருக்கிறது. அரசன் கோயில் கட்டினான் என்றால் அவன் ஏவினான் என்பதும், தச்சன் கட்டினான் என்றால் அவன் இயற்றினான் என்பதும் பொருள். இரண்டும் வழுவற்ற வழக்குக்களே. லொறியின் இயந்திரத்துக்கு லொரான்ஜும் பொஷ்ஷும் அவர்களோடு பணிசெய்த பெயர் தெரியாத கடைசற்காரரும் இயற்றுதற் கருத்தாக்கள். காற்று முன்னே, எண்ணெய் பின்னே என்ற வரிசையை அவர்களுக்கு வைத்துச் சென்ற டீசல் ஏவுதற் கருத்தா. ஆயினும் அரசனைப்போல் எட்ட நின்று ஏவியவர் அல்லர். ஔக்ஸ்பேர்க்கில் அளவுக் கருவி வெடித்துச் சிதறியபோது அதன் அருகில் நின்றவர் அவர். அப்பட்டறையில் நான்காண்டு எண்ணெயிலும் கரியிலுங் கைவைத்து, அந்த இயந்திரத்துக்கு அவரே இயற்றுதற் கருத்தாவாகவும் இருந்தார். ஆகலின் பெயர் அவர் பெயராய் நிற்பது முறையே என்றேன்.

மாணவர் சற்றுநேரம் யோசித்து, ஏனையோர் பெயர்களையும் எழுதித் தருமாறு கேட்டார். கரும்பலகையில் எழுதினேன். வகுப்பு முழுவதும் அவற்றைக் குறித்துக்கொண்டது.